மூன்றாம் பரிசு

‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்னும் அமெரிக்க இதழின் 1926 டிசம்பர் அட்டையில் ஒரு விநோதமான படம் இருந்தது. உருண்டை வடிவிலான விண்கலம் ஒன்று வானத்தில் மிதந்துகொண்டிருந்தது. கடலில் செல்லவேண்டிய பெரிய பயணிகள் கப்பல் ஒன்று அதன் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்ற வேற்றுலக மனிதர்கள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனர்.

வழக்கமாக ஓவியர் ஒருவர் கதையைப் படித்த பிறகே அட்டைப்படம் வரைவார். இம்முறை ஃபிராங்க் ஆர். பால் என்ற ஓவியரின் படம் முதலில் வந்துவிட்டது, கதைதான் இல்லை. படத்துக்குப் பொருத்தமான கதையை வாசகர்களே எழுதி அனுப்பவேண்டும் என்று இதழின் ஆசிரியர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் அறிவித்தார். பரிசுத்தொகை மொத்தம் 500 டாலர். அக்காலத்தில் இது சிறிய தொகையன்று. ஏறத்தாழ 360 கதைகள் வந்து குவிந்தன.

முடிவு 1927 ஜூன் இதழில் வெளியானது. முதல் இரண்டு பரிசுகளையும் ஆண்கள் பெற்றனர். 100 டாலர் மதிப்புள்ள மூன்றாம் பரிசைப் பெற்றவர், ஒஹாயோ மாநிலத்தின் லேக்வுட் நகரில் வசித்த ஒரு குடும்பத்தலைவி. மூன்று மகன்களுக்குத் தாயான அவருடைய பெயர் கிளேர் விங்கர் ஹேரிஸ். அவர் எழுதிய கதையின் பெயர் ‘பொசைடோனியாவின் கதி’.

கெர்ன்ஸ்பேக் அக்கதைக்கு ஒரு முன்னுரை எழுதினார். பரிசு பெற்றவர்களுள் ஒருவர் பெண் என்பது தமக்கு வியப்பளித்ததாக அதில் குறிப்பிட்டார். பெண்களின் கல்வியும் நாட்டமும் அறிவியல் துறையில் குறைவாக இருப்பதால், பொதுவாக அவர்கள் இவ்வகைக் கதைகளை நன்றாக எழுதுவதில்லை என்பது அவருடைய கருத்து. எந்த விதிக்கும் விலக்கு உண்டு; இந்த விலக்கு மிகவும் சிறப்பானது என்றும் பாராட்டினார். பாராட்டுதான், ஆனால் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துத் தந்தது போன்ற பாராட்டு.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள அக்கால இதழ்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சி இல்லாத காலம் அது. வானொலி அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பொழுதுபோக்குக்காக மக்கள் கதை இதழ்களை வாங்கிப் படித்தனர். இவை மட்டமான மரக்கூழால் செய்யப்பட்ட சொரசொரப்பான தாளில் அச்சிடப்பட்டன. மரக்கூழுக்கு ஆங்கிலத்தில் ‘பல்ப்’ என்று பெயர். எனவே இவ்விதழ்களுக்கும் ‘பல்ப் இதழ்கள்’ என்ற பெயர் ஏற்பட்டது. அட்டை மட்டும் பளபளவென்று வண்ணமயமாக இருக்கும். உள்ளே இருக்கும் தாள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்துவிடும். படித்து முடித்ததும் பெரும்பாலோர் அவற்றைத் தூக்கி எறிந்தனர். கதாசிரியர்களுக்குச் சொற்களை எண்ணிக் கூலி கொடுக்கப்பட்டது. சொல்லுக்கு ஒரு காசு கிடைப்பதே அரிது.

துப்பறியும் கதை, காதல் கதை, குதிரை வீரர்களின் கதை என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி இதழ்கள் இருந்தன. அறிவியல் புனைகதைக்கென்று மட்டும் தனி இதழ் இல்லாதிருந்தது. அந்தக் குறையை 1926 ஏப்ரலில் தீர்த்து வைத்தவர் கெர்ன்ஸ்பேக். லக்ஸம்பர்க் நாட்டில் பிறந்து, 1904இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய அவர், வானொலிக் கருவிகளின் பாகங்களை விற்றுத் தொழில் நடத்தியவர். ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழை 25 காசு விலையில் அவர் வெளியிட்டார். தொடக்கத்தில் எச். ஜி. வெல்ஸ், ஜூல்ஸ் வெர்ன் முதலியோரின் பழைய கதைகளையே மறுபதிப்புச் செய்தார். புதிய எழுத்தாளர்கள் அவருக்குத் தேவைப்பட்டனர். அட்டைப்படப் போட்டிக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

கிளேர் ஹேரிஸ் திடீரென்று எழுத வந்தவர் அல்லர். 1891இல் இலினோய் மாநிலத்தின் ஃபிரீபோர்ட் என்ற ஊரில் அவர் பிறந்தார். அவருடைய தந்தை ஃபிராங்க் ஸ்டோவர் விங்கரும் அறிவியல் கற்பனையில் ஆர்வம் கொண்டவர். 1917இல் அத்தகைய நாவல் ஒன்றை வெளியிட்டவர். மகள் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்மித் கல்லூரியில் பயின்றார். 1912இல் அவருக்குத் திருமணம் நடந்தது. அவருடைய முதல் நூல் 1923இல் வெளிவந்தது. பண்டைய கிரேக்கத்தில் நிகழும் அந்த வரலாற்று நாவலுக்கும் விண்வெளிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அவருடைய முதல் அறிவியல் கதை ‘ஓடிப்போன உலகம்’. அது ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற இதழில் 1926 ஜூலையில் வெளிவந்தது. பூமி தன் பாதையை விட்டு விலகி, சூரியனிடமிருந்து தொலைதூரம் சென்றுவிடுகிறது. எங்கும் இருளும் கடுங்குளிரும் சூழ்கின்றன. காரணம் என்ன? நாம் பெரிதென்று எண்ணும் சூரியக் குடும்பம், நம்மைவிட மாபெரும் உலகம் ஒன்றில் வெறும் அணுவாக இருக்கலாம். அங்குள்ள எவரோ செய்யும் ஆய்வில் நம் பூமி சிக்கிக்கொண்டிருக்கலாம் என்கிறது கதை. அணுவின் நடுவே கருவும் அதைச் சுற்றி எலக்ட்ரான்களும் உண்டு என்ற செய்தியை அக்கால மக்கள் புதுமையாகக் கேட்டு வியந்துகொண்டிருந்தனர். அச்செய்தியிலிருந்து ஒரு கதையை அவர் எடுத்துக்கொண்டார்.

பரிசு பெற்ற ‘பொசைடோனியாவின் கதி’யும் அவ்வாறே பிறந்தது. செவ்வாய்க் கோளில் நீளமான கால்வாய்கள் இருப்பதாக அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல் அதற்குமுன் எழுதியிருந்தார். நீர் வற்றிக்கொண்டிருக்கும் தங்கள் உலகைக் காப்பாற்றச் செவ்வாய்வாசிகள் அவற்றை வெட்டினார்கள் என்பது அவருடைய எண்ணம். வானியலாளர் பலர் இதை ஏற்கவில்லை. பொதுமக்களோ மிகவும் விரும்பி நம்பினர். 1924இல் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தபோது, அங்கிருந்து செய்தி ஏதும் வருகிறதா என்று வானொலிக் கருவிகளை வைத்துக்கொண்டு கேட்டவர்களும் உண்டு.

தண்ணீர் இல்லாத செவ்வாய், வானத்தில் தொங்கும் கப்பல். இந்த இரண்டையும் எப்படி இணைப்பது? செவ்வாய்வாசிகள் நம் கடல்நீரைத் திருட வருகிறார்கள் என்று கற்பனை செய்தார் கிளேர். நீரோடு கப்பலும் போய்விடுகிறது. கதை 1990களில் நடப்பதாக எழுதப்பட்டுள்ளது. செவ்வாய் பற்றிய சொற்பொழிவு ஒன்றில் கதைசொல்லி மார்ட்டெல் என்னும் மனிதனைச் சந்திக்கிறான். பார்த்த கணத்திலேயே அவனைப் பிடிக்காமல் போகிறது. மார்ட்டெலின் தோற்றத்திலும் நடத்தையிலும் ஏதோ புதிர் இருக்கிறது. கதைசொல்லி விரும்பும் மார்கரெட் என்ற பெண்ணோ மார்ட்டெலுடன் நட்புக் கொள்கிறாள். மார்ட்டெலின் அறையில் தொலைதூரக் காட்சிகளைக் காட்டும் ஒரு கருவி இருப்பதைக் கதைசொல்லி கண்டுபிடிக்கிறான். கடலின் நீர்மட்டம் குறைகிறது. ‘பொசைடோனியா’ என்ற கப்பல் காணாமல் போகிறது. அதில் மார்கரெட்டும் இருந்தாள். உண்மையை அறிந்த கதைசொல்லியின் பேச்சை நம்புவார் எவருமில்லை. இறுதியில் செவ்வாயிலிருந்து மார்கரெட்டின் குரலே வந்து நடந்ததைச் சொல்கிறது.

நாயகன் இறுதியில் நாயகியை மீட்டு வருவதே அக்கால இதழ்க் கதைகளின் வழக்கம். இதில் அது நடக்கவில்லை. அவள் திரும்பி வரவே இல்லை.

இக்கதையில் குறைகளும் உண்டு. பேராசிரியர்கள் பாடம் நடத்துவதுபோல் நீளமாகப் பேசுகின்றனர். அந்நியன் ஒருவனைத் தோற்றத்தை வைத்தே வெறுப்பது இன்றைய வாசகருக்கு நெருடலாக இருக்கும். மார்ட்டெலுக்குச் செம்பு நிறத் தோலைக் கொடுத்து, அந்த நிறத்தையும் சந்தேகத்துக்குரிய அடையாளமாகக் காட்டுவது, அன்றைய அமெரிக்காவில் நிலவிய நிறப் பாகுபாட்டின் நிழல் என்றே கருதவேண்டும். எந்த எழுத்தாளரும் தம் காலத்தை முழுவதுமாகத் தாண்டிவிடுவதில்லை.

அடுத்த ஆண்டே அவர் தம் மிகச் சிறந்த கதையை எழுதினார். 1928 ஏப்ரல் இதழில் வெளிவந்த ‘லில்லியின் அற்புதம்’ நீண்ட கால வரலாற்றைச் சில பக்கங்களில் சொல்கிறது. மனிதருக்கும் பூச்சிகளுக்கும் இடையே பெரும்போர் மூள்கிறது. பயிர்களைத் தின்று பெருகும் பூச்சிகளை வேறு எவ்வகையிலும் அழிக்க முடியவில்லை. இறுதியில் மனிதர்கள் ஒரு கொடிய முடிவை எடுக்கின்றனர். பூச்சிகளுக்கு உணவே கிடைக்கக்கூடாது என்று உலகிலுள்ள செடிகொடிகள் அனைத்தையும் அழித்துவிடுகின்றனர். பூச்சிகள் ஒழிகின்றன, பச்சை நிறமும் ஒழிகிறது. அதன்பின் செயற்கை உணவும் செயற்கைக் காற்றும்தான் மனிதரின் வாழ்க்கை.

பல தலைமுறைகளுக்குப் பிறகு, ஒருவன் தன் முன்னோர் விட்டுச்சென்ற சில விதைகளைக் கண்டெடுத்து நடுகிறான். லில்லிச் செடி ஒன்று முளைத்துப் பூக்கிறது. பூவையே பார்த்திராத மக்கள் அதைக் காண ஆவலோடு வருகின்றனர். இதே காலத்தில் வெள்ளிக் கோளில் வாழும் அறிவுள்ள உயிர்களோடு பூமி வானொலி வழியே பேசத் தொடங்குகிறது. அவர்களும் தங்கள் உலகில் பூச்சித் தொல்லை தாங்கவில்லை என்று சொல்லி உதவி கேட்கின்றனர். பூமியின் மனிதர்களுக்கு அவர்கள்மீது இரக்கம் பிறக்கிறது. பின்னர் இரு உலகத்தாரும் ஒருவரையொருவர் காட்சியாகக் காணும் வசதி வருகிறது. திரையில் தோன்றிய வெள்ளிவாசிகள் மாபெரும் பூச்சிகள்! அவர்கள் ஒழிக்க விரும்பிய ‘பூச்சிகளோ’ மிகச் சிறிய மனிதர்கள்!

இந்தத் திருப்பம் சிரிப்பையும் அச்சத்தையும் ஒருசேரத் தருகிறது. எது பூச்சி, எது மனிதன் என்பதைப் பார்ப்பவரின் கண்தான் தீர்மானிக்கிறது. டி.டி.டி. என்னும் இரசாயனம் பூச்சிகளைக் கொல்லும் என்று 1939இல்தான் கண்டறியப்பட்டது. இத்தகைய மருந்துகளால் இயற்கைக்கு ஏற்படும் கேடுகளைப் பற்றி ரேச்சல் கார்சன் எழுதிய ‘சைலன்ட் ஸ்பிரிங்’ என்ற நூல் 1962இல் வெளிவந்தது. கிளேரின் கதை அந்நூலுக்கு 34 ஆண்டுகள் முந்தியது. அவர் வருங்காலத்தைக் கணித்தார் என்று சொல்வது மிகையாகும். பூச்சியைக் கொல்ல முனைந்தால் வேறு எதையெல்லாம் இழப்போம் என்று ஒரு கதாசிரியருக்கே உரிய முறையில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவ்வளவே.

1926 முதல் 1930 வரை இதழ்களில் அவருடைய கதைகள் பதினொன்று வெளிவந்தன. ‘ஐந்தாம் பரிமாணம்’ என்ற கதையில் ஒரு பெண்ணே முதன்மைப் பாத்திரம். முன்பே நடந்த ஒன்று மீண்டும் நடப்பதுபோல் அவளுக்குத் தோன்றும் உணர்வை அக்கதை ஆராய்கிறது. ‘செயற்கை மனிதன்’ என்ற கதையில், ஓர் இளைஞனின் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்கை உறுப்புகளாக மாற்றப்படுகின்றன. உடல் மாற மாற அவனுடைய குணமும் மாறுகிறது. எவ்வளவு மாறிய பிறகு அவன் அவனாக இல்லாமல் போகிறான் என்ற கேள்வி கதை முழுவதும் தொடர்கிறது. மைல்ஸ் ஜே. புரூயர் என்ற மருத்துவருடன் சேர்ந்து நெப்டியூன் கோளைப் பற்றியும் ஒரு கதை எழுதினார்.

கிளேருக்கு முன்பே இத்தகைய கதைகளை எழுதிய பெண்கள் உண்டு. கெர்ட்ரூட் பாரோஸ் பென்னெட் என்பவர் 1910களின் இறுதியில் புகழ்பெற்ற பல கதைகளைப் படைத்தார். ஆனால், அவை ‘ஃபிரான்சிஸ் ஸ்டீவன்ஸ்’ என்ற ஆண்பெயரில் வெளிவந்தன. கிளேரோ தம் சொந்தப் பெயரை மறைக்கவில்லை. பிறந்த வீட்டின் பெயரான ‘விங்க’ரையும் விடவில்லை. அறிவியல் புனைகதை இதழில் சொந்தப் பெயரோடு வந்த முதல் பெண் எழுத்தாளர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவது இதனால்தான். அவரைத் தொடர்ந்து 1929இல் லெஸ்லி எஃப். ஸ்டோன், 1933இல் சி. எல். மூர் என்று வேறு பெண்களும் இதழ்களில் எழுத வந்தனர். ‘விதிவிலக்கு’ என்ற சொல்லுக்குப் பொருள் குறைந்துகொண்டே வந்தது. கெர்ன்ஸ்பேக்கும் அவரை ஒதுக்கிவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1929இல் கடன் சுமையால் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழை இழந்த அவர், உடனே வேறு இதழ்களைத் தொடங்கினார். அவற்றிலும் கிளேரின் கதைகளை வெளியிட்டார்.

கிளேரின் எழுத்தில் கதைகளைப் போலவே புகழ்பெற்றது ஒரு கடிதம். 1931 ஆகஸ்டில் ‘ஒண்டர் ஸ்டோரிஸ்’ இதழின் வாசகர் பகுதியில் அது வெளிவந்தது. அறிவியல் புனைகதைகளில் திரும்பத் திரும்ப வரும் கருக்களை அவர் பதினாறு வகையாகப் பிரித்துக் காட்டியிருந்தார். கோள்களுக்கிடையே பயணம், காலப் பயணம், இராட்சதப் பூச்சிகள், மனிதரைத் தின்னும் தாவரங்கள், கண்ணுக்குத் தெரியாமல் மறைதல், செயற்கை உயிர், அதிசய இயந்திரங்கள் என்று அப்பட்டியல் நீள்கிறது. இன்றைய திரைப்படங்களில் எதை எடுத்தாலும் இப்பட்டியலில் ஓர் இடத்தில் அடங்கிவிடும். அறிவியல் புனைகதையை இவ்வாறு வகைப்படுத்திப் பார்த்த தொடக்ககால முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

ஆனால், அதற்குள் அவர் ஏறக்குறைய எழுதுவதையே நிறுத்திவிட்டார். மகன்களை வளர்த்துப் படிக்கவைக்கும் பொறுப்பே அதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரே ஒரு கதை மட்டும் 1933இல் வெளிவந்தது. அது வெளிவந்த இடம் வேடிக்கையானது. லேக்வுட்டை அடுத்த கிளீவ்லாந்து நகரில் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞர்கள், சைக்ளோஸ்டைல் முறையில் தாங்களே அச்சிட்டு ஒரு சிற்றிதழ் நடத்திவந்தனர். கூலி கொடுக்க அவர்களிடம் பணமேது! பெரிய இதழ்களில் பெயர் பெற்ற கிளேர் அந்த இளைஞர்களின் ஏட்டுக்குத் தம் கதையைக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே இருவரும் உருவாக்கிய ‘சூப்பர்மேன்’ உலகப்புகழ் பெற்றான்.

1947இல் கிளேரின் பதினொரு கதைகளும் ஒரே நூலாக வெளிவந்தன. உதிர்ந்துபோகும் தாளில் இருந்தவை முதன்முறையாகக் கெட்டி அட்டைக்குள் இடம்பெற்றன. இருந்தும் அந்நூல் அதிகம் பேசப்படவில்லை. அதற்குள் அறிவியல் புனைகதை உலகில் ஐசக் அசிமோவ், ராபர்ட் ஹைன்லைன் போன்ற புதிய பெயர்கள் நிறைந்துவிட்டன. கெர்ன்ஸ்பேக்கைச் சிறப்பிக்கும் வகையில் ‘ஹியூகோ’ என்ற பெயரில் விருது வழங்கும் வழக்கம் 1953இல் தொடங்கியது. அவரிடம் மூன்றாம் பரிசு பெற்றவரை நினைத்தவர் சிலரே.

கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த கிளேர், 1968 அக்டோபரில் காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மாரினர் 4 என்ற ஆளில்லா விண்கலம் செவ்வாயின் அருகே பறந்து சென்று படங்களை அனுப்பியது. அந்தப் படங்கள் முதலில் வந்து சேர்ந்ததும் பாசடீனாவில் இருக்கும் ஆய்வகத்துக்குத்தான். கால்வாய்கள் இல்லை, நீரைத் திருட வருவோரும் இல்லை. வெறும் பள்ளங்களே தெரிந்தன. அவர் மறைந்து ஒன்பது மாதங்களில் மனிதன் நிலவில் கால்பதித்தான்.

2019இல் ‘செயற்கை மனிதனும் பிற கதைகளும்’ என்ற பொருள்படும் தலைப்பில், அவருடைய கதைகள் ஒரு புதிய நூலாக மீண்டும் வெளிவந்தன. அதை வெளியிட்ட பதிப்பகம் நியூயார்க்கில் இல்லை. அவர் கதைகளை எழுதி அனுப்பிய லேக்வுட்டுக்கு அருகிலேயே, கிளீவ்லாந்தில் இருந்தது. நூலின் அட்டையிலும் அவருடைய முழுப்பெயர்தான்: கிளேர் விங்கர் ஹேரிஸ்.